பில்கிரிம் அரை டாலரை வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1620-இல் மேஃபிளவர் கப்பலில் அமெரிக்காவுக்கு வந்த, பில்கிரிம்கள் எனப்படும் ஆங்கிலேயர் பிளிமத் குடியேற்றத்தை நிறுவியதன் 300-ஆம் ஆண்டு நினைவாக, அமெரிக்க நாணயச்சாலை 1920-இலும் 1921-இலும் வெள்ளி அரை டாலரை அச்சடித்தது. இதைத் தேடி வாங்குவோர் பலர் முதலில் சறுக்குவது ஆண்டைப் படிப்பதில்தான். பின்பக்கத்தில் உள்ள "1620-1920" விழாவின் காலத்தைக் குறிப்பதால், அது இரண்டு ஆண்டு நாணயங்களிலும் உண்டு. முகப்பில் பிளிமத்தின் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டின் உருவத்துக்கு இடப்புறம் "1921" என்று தனியே பொறித்திருந்தால் மட்டுமே அது இரண்டாம் ஆண்டு நாணயம்.

இந்த நான்கு இலக்கங்களைக் கவனிக்காமல் விடுவது பெரிய இழப்பு. அச்சடித்த எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டால், 2,00,112-க்கு எதிரே 1,00,053 என, 1921 நாணயம் இரு மடங்கு அரிது என்றே தோன்றும். ஆனால் விற்காமல் திரும்பியவற்றில் முதலாண்டு 48,000-உம் அடுத்த ஆண்டு 80,000-உம் உருக்கப்பட்டன. எஞ்சியவை 1,52,112-உம் 20,053-உம் ஆதலால், உண்மையான வேறுபாடு ஏழு மடங்குக்கும் மேல்.

பிராட்ஃபோர்டின் முழங்கைக்குக் கீழே உள்ள "டி" என்ற ஆங்கில எழுத்தை டென்வர் நாணயச்சாலையின் குறி என்று நம்பிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்; அது சிற்பி சைரஸ் டாலினின் பெயரெழுத்து. நாணயங்கள் அனைத்தும் பிலடெல்பியாவில் அச்சானவை.

வாங்கிய பின் செய்யும் தவறே எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. வீட்டு வெள்ளி விளக்கைப் போல விபூதி போட்டுத் தேய்த்தால் கருமை போகும். கூடவே அச்சு விழுந்தபோது உண்டான ஒளியும் நுண்ணிய கீறல்களில் என்றென்றைக்குமாக அழிந்துவிடும். நூறாண்டு வெள்ளியில் இயல்பாகப் படிந்த நிறத்தை அப்படியே விட்டுவிடுங்கள். பிவிசி என்ற நெகிழியால் ஆன உறைகளையும் தவிருங்கள். அவற்றிலிருந்து கசியும் பொருள் நாணயத்தில் பச்சைப் பிசுக்காகப் படிகிறது. எடை 12.5 கிராம், வெள்ளி 90 விழுக்காடு என்பதை வாங்கும் முன்பே சரிபார்ப்பது நல்லது.

நாணயத்தின் படங்களை வரலாற்றுச் சான்றாகவும் கொள்ளக் கூடாது. கப்பலின் முன்புறத்தில் காட்டியுள்ள முக்கோணப் பாய் மேஃபிளவர் காலத்தில் வழக்கில் இல்லை. பிராட்ஃபோர்டை நேரில் பார்த்து வரைந்த ஓவியம் எதுவும் கிடைக்காததால், அந்த முகமும் கற்பனையே. பிளிமத்தை அமெரிக்காவின் முதல் ஆங்கிலக் குடியேற்றம் என்று விவரிப்பதும் பிழை. ஜேம்ஸ்டவுன் 1607-லேயே உருவாகிவிட்டது. பிளிமத் எழுந்த இடமும் வெற்று நிலம் அன்று, வாம்பனோக் என்ற பூர்வகுடி மக்களுக்குரிய, கொள்ளைநோயால் அழிந்த பட்டுக்செட் என்ற ஊர். அம்மக்களின் தலைவர் மாசசாய்ட்டுக்கு 1921-இல் அதே பிளிமத்தில் சிலை வடித்தவரும் டாலினே.