நூலக வாசகர்களை இணையத்தில் பேச வைப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கு ஒரு செய்முறை

பல நூலகங்களின் முகநூல் பக்கத்தைத் திறந்தால் ஒரே காட்சிதான். ‘நாளை நூலகம் விடுமுறை’, ‘புதிய நூல்கள் வந்துள்ளன’, அப்புறம் ஏதோ ஒரு விழாவில் எடுத்த படம். கீழே நாலு லைக். அதில் இரண்டு ஊழியர்கள் போட்டது. வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையைக் கழற்றி இணையத்தில் மாட்டியிருக்கிறோம், அவ்வளவுதான். வாசகர் திரும்பப் பேச அங்கே வழி இல்லை.

அந்த வழியைத் திறக்கக் கணினியில் பெரிய பழக்கம் வேண்டாம். மின்னஞ்சல் அனுப்பத் தெரிந்தால் போதும். கீழே சொல்லும் கருவிகளை இலவசமாகவே பயன்படுத்தலாம். ஆனால் நேரம் வேண்டும், அதுவும் பதில்கள் வந்து சேர்ந்த பிறகுதான் அதிகம் வேண்டும்.

படி 1: முதலில் கேள்வி, பிறகு கருவி

‘எந்த ஆப் நல்லது?’ என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு நூலகத்துக்குத் தன்னார்வலராக உதவப் போன புதிதில், இருபத்திரண்டு கேள்விகளோடு ஓர் இணையப் படிவம் செய்தேன். வயது, படிப்பு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வாசிப்பீர்கள், இருக்கை வசதி எப்படி என்று ஒன்றையும் விடவில்லை. வந்த பதில்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிலும் பாதிப் பேர் கடைசிக் கேள்விகளுக்கெல்லாம் ‘ஓகே’, ‘ஓகே’ என்று தட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அதைவிடப் பெரிய சங்கடம், அந்தப் பதில்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். இந்தக் கேள்விக்கு வரும் பதிலால் அடுத்த மாதம் நூலகத்தில் ஏதாவது மாறுமா? மாறாது என்றால் அந்தக் கேள்வி வேண்டாம்.

‘எங்கள் சேவை எப்படி இருக்கிறது?’ என்பது இந்தச் சோதனையில் தோற்றுவிடும். ‘மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்தால் எந்தக் கிழமையில் வருவீர்கள்?’ என்பது தேறும். எனக்குப் பிடித்தது இது: ‘நீங்கள் தேடி வந்து, கிடைக்காமல் திரும்பிய புத்தகம் எது?’ நூலகத்துக்கு வந்துபோகும் பெரும்பாலோரிடம் இதற்கு ஒரு பதில் இருக்கும், கொஞ்சம் கோபமும் இருக்கும். கோபம் இருந்தால் தட்டச்சு செய்வார்கள்.

இந்திய நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. அலமாரியை அடுக்கும்போது அதை நினைக்கிற நாம், படிவம் செய்யும்போது மறந்துவிடுகிறோம்.

படி 2: மூன்றே கேள்விகளில் ஒரு படிவம்

கூகுள் ஃபார்ம்ஸை எடுத்துக்கொள்வோம். கூகுள் கணக்கில் நுழைந்து, ஃபார்ம்ஸைத் திறந்து, வெற்றுப் படிவத்தைத் தேர்ந்தெடுங்கள். தலைப்பு: ‘கிடைக்காத புத்தகம்’. அதன் கீழே விளக்கம் எழுதும் இடத்தில் இப்படிப் போடலாம்:

‘நீங்கள் தேடி வந்து கிடைக்காத புத்தகத்தைச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் போதும். எதை வாங்கினோம், எதை வாங்க முடியவில்லை என்பதை மாதக் கடைசியில் நூலக வாசலில் ஒட்டுவோம்.’

அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ‘இதை நிரப்பி என்ன ஆகப்போகிறது’ என்று நினைப்பவருக்கு அங்கேதான் பதில் இருக்கிறது.

கேள்விகள்:

1. புத்தகத்தின் பெயர் என்ன? பெயர் நினைவில்லை என்றால் எதைப் பற்றியது? (சிறு விடை, கட்டாயம்)
2. யாருக்காகத் தேடினீர்கள்? (எனக்காக / பிள்ளைக்காக / தேர்வுக்காக / வேறு ஒருவருக்காக)
3. கிடைத்தால் உங்களுக்குச் சொல்லலாமா? தொலைபேசி எண் அல்லது மின்னஞ்சல். (விருப்பம் இருந்தால் மட்டும்)

முதல் கேள்வியில் ‘எதைப் பற்றியது’ என்று சேர்த்ததற்குக் காரணம் உண்டு. பாதிப் பேருக்குப் பெயர் தெரியாது. ‘நீல அட்டை, தேனீ வளர்ப்பு பற்றி’ என்றுதான் எழுதுவார்கள். நூலகருக்கு அதுவே போதும்.

இனி, புதிதாகச் செய்கிறவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடங்கள். அமைப்புகளுக்குள் போனால் ‘ஒருவருக்கு ஒரு பதில் மட்டும்’ என்றொரு வசதி இருக்கும். நல்லதுதானே என்று அதை இயக்கினால், படிவத்தைத் திறக்கும் ஒவ்வொருவரும் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும். கோப்பு பதிவேற்றச் சொல்லும் கேள்வியைச் சேர்த்தாலும் இதே கதை. கடவுச்சொல்லை மறந்தவர் அங்கேயே திரும்பிவிடுவார். ஆகவே இரண்டும் வேண்டாம். மின்னஞ்சல் முகவரி சேகரிப்பதையும் நிறுத்திவையுங்கள். விருப்பப்பட்டவர்கள் மூன்றாம் கேள்வியில் தந்துவிடுவார்கள்.

அலுவலகக் கணக்கில் படிவம் செய்திருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். யார் பதில் தரலாம் என்ற இடத்தில் ‘நிறுவனத்துக்குள் இருப்பவர்கள் மட்டும்’ என்று தானாகவே இருக்கக்கூடும். உங்களுக்கு அருமையாகத் திறக்கும், வெளியில் ஒருவருக்கும் திறக்காது. ‘இணைப்பு உள்ள எவரும்’ என்று மாற்றிவிட்டு வெளியிடுங்கள். பிறகு உலாவியின் மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்தில் இணைப்பை ஒட்டித் திறந்து பாருங்கள். உள்நுழையச் சொல்லாமல் படிவம் வந்தால் சரி.

கடைசிச் சோதனைக்கு ஓர் ஆள் வேண்டும். பழைய சிறிய போன் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்து, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே உங்கள் வாக்கியம் சரியில்லை.

படி 3: கியூஆர் கோடும் காகிதப் பெட்டியும்

படிவத்தின் இணைப்பைக் கியூஆர் கோடாக மாற்ற, குரோம் உலாவியிலேயே வசதி இருக்கிறது. இலவசமாகச் செய்து தருவதாகச் சொல்லும் சில தளங்களிடம் கொஞ்சம் கவனம் தேவை. சாதாரணக் கியூஆர் கோடுக்குள் உங்கள் இணைப்பே நேரடியாக இருக்கும். அதற்குக் காலாவதி கிடையாது. ‘டைனமிக்’ வகையிலோ, ஸ்கேன் செய்தவர் முதலில் அந்தத் தளத்துக்குப் போய், அங்கிருந்துதான் உங்களிடம் வருவார். இலவசக் காலம் முடிந்து அந்த வழி அடைபட்டால், ஒட்டிய தாள் எல்லாம் வீண்.

அளவுக்கு ஒரு தோராயக் கணக்கு: எவ்வளவு தூரத்தில் நின்று ஸ்கேன் செய்வார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலம். மேசையில் வைக்கும் அட்டைக்கு 3 செ.மீ. தாராளம்; ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் சுவருக்கு 10 செ.மீ. சுற்றிலும் உள்ள வெள்ளை ஓரத்தை வெட்டிவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் கேமரா திணறும். ஒட்டுவதற்கு ஏற்ற இடம், வாசகர் கையில் ஒன்றும் இல்லாமல் காத்திருக்கும் இடம், அதாவது நூல் வழங்கும் மேசை.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு பெட்டியும், அதே மூன்று கேள்விகள் அச்சிட்ட சீட்டுகளும் வையுங்கள். சீட்டில் வருவதை ஊழியர் ஒருவர் அதே படிவத்தில் ஏற்றிவிட்டால் எல்லாம் ஒரே கணக்கில் சேரும்.

படி 4: ‘என்ன செய்தோம்’ என்று ஒரு நெடுவரிசை

முக்கால்வாசி முயற்சிகள் சாவது இங்கேதான் என்பது என் எண்ணம். பதில்கள் வந்து குவியும். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அடுத்த முறை கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

படிவத்துக்கு வரும் பதில்களை கூகுள் ஷீட் என்ற விரிதாளோடு இணைத்துவிடலாம். அந்தத் தாளின் கடைசியில் நீங்களாக ஒரு நெடுவரிசை சேர்த்து ‘என்ன செய்தோம்’ என்று தலைப்பிடுங்கள். அதில் எழுத மூன்று பதில்கள் போதும்: ‘வாங்கினோம்’, ‘நம்மிடமே இருக்கிறது’, ‘வாங்க முடியவில்லை, காரணம் இது’. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் உட்கார்ந்தால் நிரப்பிவிடலாம்.

நடுவில் இருக்கும் அந்த ‘நம்மிடமே இருக்கிறது’ உங்களை ஆச்சரியப்படுத்தக்கூடும். புத்தகம் அலமாரியில் இருக்கும், வாசகர் கண்ணில் பட்டிருக்காது. அப்போது வாங்க வேண்டியது புத்தகம் அல்ல, வழிகாட்டிப் பலகை.

மாதக் கடைசியில் இந்தத் தாளை வெளியிடும்போது தொலைபேசி எண், மின்னஞ்சல் உள்ள நெடுவரிசையை நீக்கிய தனிப் பிரதியைத்தான் வெளியிட வேண்டும். மூலத் தாளை வேலைக்குத் தேவையான ஓரிருவருக்கு மேல் பகிராதீர்கள். யார் என்ன வாசிக்கத் தேடினார் என்பது அவருடைய சொந்த விஷயம்.

இதை உலகத்தரத்தில் செய்து காட்டிய ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2008 ஜனவரியில் சுமார் 3,000 பழைய படங்களை ஃபிளிக்கர் தளத்தில் போட்டு, தெரிந்ததைச் சொல்லுங்கள் என்று பொதுமக்களிடம் விட்டது. பல படங்களில் விவரம் ஓரிரு சொற்களுக்கு மேல் இல்லை. படத்தில் இருப்பது யார், எந்த ஊர், எந்த நாள் என்று மக்கள் துப்பறிந்து எழுதினார்கள். நூலகம் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. வந்த தகவலைச் சரிபார்த்துத் தன் நிரந்தர அட்டவணையில் ஏற்றி, தகவல் அந்த ஃபிளிக்கர் திட்டத்திலிருந்து வந்தது என்ற குறிப்பையும் சேர்த்தது. தான் எழுதியது அட்டவணையிலேயே ஏறியதைப் பார்த்தவர் அடுத்த படத்தைத் தேடித் திறக்காமல் இருப்பாரா?

படி 5: பேச ஓர் இடம்

படிவம் பழகிய பிறகு, வாசகர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஓர் இடம் அமைக்கலாம். உடனே வாட்ஸ்அப் குழு தொடங்கிவிடத் தோன்றும். பொறுங்கள். குழுவில் சேரும் ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். ஒருவரையொருவர் அறிந்த பதினைந்து பேர் கொண்ட வாசகர் வட்டத்துக்கு அது சரி. முன்பின் தெரியாத இருநூறு பேருக்குச் சரியல்ல, அதிலும் பிள்ளைகள் இருந்தால் வேண்டவே வேண்டாம். பெரிய கூட்டத்துக்குச் செய்தி சொல்ல வாட்ஸ்அப் சேனல் நல்லது, அதில் பின்தொடர்பவர்கள் ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்க முடியாது.

வாக்கெடுப்பிலும் இப்படி ஒரு நுணுக்கம் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் நடத்தும் சாதாரண வாக்கெடுப்பில் யார் எதற்கு வாக்களித்தார் என்று எல்லோரும் பார்க்கலாம். டெலிகிராமில் பெயர் தெரியாமலும் நடத்தலாம். சரியான விடையைக் குறித்துவைத்து வினாடி வினாவாகவும் மாற்றலாம். வாரம் ஒரு கேள்வி, அதன் விடை நூலகத்தில் உள்ள ஒரு புத்தகத்தில் இருக்கட்டும். விடையோடு அந்தப் புத்தகத்தின் பெயரையும் அலமாரி எண்ணையும் போடுங்கள்.

நேரலைக் கலந்துரையாடலுக்கு ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் முடிந்துவிடும். என்னைக் கேட்டால் அது வரம். ஒரு சிறுகதையைப் பற்றிப் பேச அதற்கு மேல் தேவையில்லை, நீட்டி முழக்குகிறவரையும் நாம் நிறுத்த வேண்டியதில்லை.

குழுவில் பலர் மௌனமாகவே இருப்பார்கள். கவலை வேண்டாம். இணையக் குழுக்களில் 90 சதவீதம் பேர் பார்ப்பவர்கள், 9 சதவீதம் பேர் எப்போதாவது பேசுபவர்கள், 1 சதவீதம் பேர்தான் பெரும்பகுதியை எழுதுபவர்கள் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2006இல் ஒரு தோராய விதி சொன்னார். அந்த ஒருவரைக் கண்டுபிடித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு பொறுப்பு கொடுங்கள்.

படி 6: எல்லோரும் சேர்ந்து ஒரு வேலை

கருத்துச் சொல்வதைவிட, கையால் ஒன்றைச் செய்வது பலருக்குப் பிடிக்கும். ஆஸ்திரேலிய தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை ஸ்கேன் செய்து, கணினி தப்பும் தவறுமாகப் படித்த வரிகளைத் திருத்தும் வசதியை 2008இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. இன்று ட்ரோவ் என்ற பெயரில் நடக்கும் அந்தத் தளத்தில், கணக்குத் தொடங்காமலேயே ஒரு வரியைத் திருத்தலாம். பின்லாந்து தேசிய நூலகம் இதே வேலையை 2011இல் விளையாட்டாகவே மாற்றியது: சொற்களைச் சரியாகத் தட்டினால்தான் அகழெலிகள் பாலத்தைக் கடக்கும்.

நாம் சிறிதாகச் செய்யலாம். யூமேப் என்று ஒரு கட்டற்ற கருவி இருக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் மேல் யார் வேண்டுமானாலும் குறி வைக்கலாம். ‘முன்பு இருந்து, இப்போது இல்லாத இடங்கள்’ என்று ஒரு வரைபடம் தொடங்குங்கள். மூடிய திரையரங்கம், தூர்ந்துபோன குளம், இடிக்கப்பட்ட பள்ளி. ஐந்து குறிகளை நீங்களே முதலில் வைத்துவிடுங்கள். வெறும் வரைபடத்தில் முதல் ஆளாக எழுத எவரும் கூச்சப்படுவார்கள். கணக்கில்லாமல் வரைபடம் உருவாக்கினால், அதைத் திருத்துவதற்கென்று ஓர் இரகசிய இணைப்பு தருவார்கள். அதைப் பத்திரப்படுத்துங்கள், தொலைத்தால் வரைபடம் கைவிட்டுப் போனதுதான்.

உங்கள் நூலகம் கோஹா என்ற நூலக மென்பொருளில் இயங்குகிறதா? அப்படியானால் அதன் இணைய அட்டவணையிலேயே வாசகர் கருத்து, நட்சத்திர மதிப்பீடு, நூல் பரிந்துரை எல்லாம் இருக்கின்றன. யாரும் இயக்கி வைக்காததால் பல இடங்களில் தூங்கிக்கொண்டிருக்கும். நிர்வாகியிடம் ஒருமுறை கேளுங்கள்.

படி 7: மூடும்போது

ஓடிக்கொண்டே இருக்கும் படிவம் ஒரு கட்டத்தில் கவனிப்பாரற்றுப் போகும். ஆறு வாரம் ஆனதும் மூடிவிடுவது நல்லது. கூகுள் படிவத்தில் பதில் பெறுவதை நிறுத்தும்போது, இனி திறப்பவர்களுக்குக் காட்ட ஒரு செய்தி எழுத இடம் தரும். ‘முடிந்துவிட்டது’ என்று மட்டும் போடாமல், வாங்கிய நூல்களின் பட்டியலுக்குப் போகும் இணைப்பை அங்கே வையுங்கள். சுவரிலிருந்து கியூஆர் தாளைக் கழற்ற மறந்துவிட்டாலும், ஆறு மாதம் கழித்து அதை ஸ்கேன் செய்கிறவர் தான் தேடிய புத்தகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்.