ஷிங்கிள்ஸ் கூரையில் சோலார் கால் ஒழுகியது: சரியான விதம்

குமுளியில் எங்கள் வீட்டுக் கூரை, பிளைவுட் மேல் ஒட்டிய ஷிங்கிள்ஸ் (வரிசை வரிசையாக ஒன்றன்மேல் ஒன்று படியும் தார் பூசிய தட்டை ஓடுகள்). சோலார் பேனல் போட்ட பிறகு வந்த முதல் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையிலேயே ஹால் மூலையில் சொட்ட ஆரம்பித்தது.

சொட்டிய இடத்துக்கு நேர் மேலே, பேனல் கால்களைக் கூரையில் இறுக்கும் போல்ட்டே கிடையாது. அதனால் முதல் சந்தேகம் முகட்டு மேல். பூசிப் பார்த்தோம், பயனில்லை. பேனல் மாட்டியவர்கள் வந்து எல்லாக் கால்களையும் சுற்றி சிலிக்கோன் பசை அடித்தார்கள். கொஞ்ச நாள்தான் தாங்கியது.

பரணில் ஏறி டார்ச் அடித்தபோதுதான் புரிந்தது. தண்ணீர் கைமரத்தின் ஓரமாகவே சறுக்கி வந்து, கீழே ஓர் ஆணி முனையில் சொட்டுகிறது. ஈரத் தடத்தைப் பிடித்து மேலே போனால் பேனலைத் தாங்கும் ஓர் எல் (L) வடிவக் கால்.

அங்கே ஃபிளாஷிங் தகடு (துளைக்குள் தண்ணீர் போகாமல் ஷிங்கிள்ஸுக்கு அடியில் செருகும் உலோகத் தகடு) இருக்கத்தான் செய்தது. ஆனால் மேல் வரிசை ஆணி தடுத்ததும் செருகுவதைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். தகட்டின் மேல் விளிம்புக்குச் சற்று மேலே இரண்டு ஷிங்கிள்ஸ் சேரும் இடைவெளி. அதில் இறங்கும் தண்ணீர் தகட்டுக்கு அடியில் புகுந்து நேரே போல்ட் துளைக்குப் போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் கச்சிதம்!

பேனலைக் கழற்றி, வெயில் ஏறுமுன் (சூட்டில் தார் இளகினால் ஷிங்கிள் கிழியும்) தட்டைக் கம்பியால் ஷிங்கிள்ஸின் ஒட்டுதலைப் பிரித்தார் ஆசாரி. தடுத்த ஆணிகளைப் பிடுங்கி, நீளமான தகட்டை அந்த இடைவெளியைத் தாண்டி மேலே செருகினார். ஆணி ஓட்டைகளுக்குத் தார்ப் பசை. கீழ் விளிம்பை மட்டும் ஒட்டவில்லை. “உள்ள போன தண்ணி வெளிய வர வழி வேணும்ல சாரே” என்றார்.

மற்ற கால்களையும் அதேபோல் மாற்றியாயிற்று. அடுத்து வந்த துலா (வடகிழக்குப் பருவ) மழையிலும் ஹால் நனையவில்லை.