பாட்டன் காலத்துத் துப்பாக்கியைச் சீரமைக்கும் முறை

கொங்கு நாட்டுப் பழைய தொட்டிக்கட்டு வீடுகள் சிலவற்றில், தோட்டக் காவலுக்கென முன்னோர் வைத்திருந்த துப்பாக்கி இன்றும் பேணப்பட்டு வருகிறது. அதைத் துடைக்க எடுக்கும் முன் உரிமத்தைச் சரிபார்க்க வேண்டும். பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் விலக்கு அளிக்கிறது. உரிமதாரர் காலமாகியிருந்தால், துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தம் பெயருக்கு உரிமம் கோரி விண்ணப்பிக்க வேண்டும்.

அடுத்து, குழல் காலியா என்று பார்க்க வேண்டும். இதில் அவசரம் கூடவே கூடாது. குழல்வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கியாக இருந்தால், குழல்வாய்க்கு நேரே முகத்தையோ கையையோ கொண்டு போகாமல், மெல்லிய மரக்குச்சி ஒன்றை முட்டும்வரை உள்ளே விட்டு, குழல்வாயருகே பென்சிலால் கோடிட்டு எடுத்து, குழலின் வெளிப்புறத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். குச்சியின் நுனி, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு மாட்டும் இடத்துக்கு நேராக வந்தால் குழல் காலி. இரண்டு மூன்று விரற்கடை முன்னதாகவே நின்றால், உள்ளே மருந்து இருப்பதாகவே கொண்டு, உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டும். ஈரம் படாத கரிமருந்து, அதாவது பழைய கறுப்பு வெடிமருந்து, பல தலைமுறை கழித்தும் வெடிக்கும்.

துருவைக் கண்டதும் உப்புத்தாளை எடுப்பவர்களால்தான் நல்ல துப்பாக்கிகள் பாழாகின்றன. செய்தவரின் பெயரும் குழலைச் சோதித்ததற்கான முத்திரையும் ஒருமுறை தேய்ந்துபோனால் திரும்ப வாரா. தையல் இயந்திர எண்ணெயைத் தடவி ஓர் இரவு ஊறவிட்டு, பழைய காலணாச் செப்புக்காசின் விளிம்பால் மெல்லச் சுரண்டினால், செம்பு எஃகைவிட மென்மையானது என்பதால், துரு மட்டும் பெயர்ந்து வரும். அடியிலுள்ள பழுப்பு நிறத்தை அப்படியே விட்டுவிடுவதே அழகு. தேங்காயெண்ணெயும் விளக்கெண்ணெயும் நாளடைவில் பிசுக்காகிவிடுவதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். மரக்கட்டைக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாகக் கையால் தேய்த்தால் போதும். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைக்க வேண்டும்.

சுடலாமா என்பதைப் பழுதுபார்ப்பவரே முடிவு செய்யட்டும். குழலில் சுருள்சுருளாக வரி தெரிந்தால் அது இரும்பும் எஃகும் முறுக்கி அடித்த டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். கரிமருந்துக் காலத்துக்குரிய அதில் இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போடுவது உயிருக்கே ஆபத்து. இங்கிலாந்துத் துப்பாக்கிகளில் குழலைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தால், 1813இல் தொடங்கிய பர்மிங்காம் சோதனைச்சாலை போன்றவற்றின் முத்திரைகள் தெரியும். எந்த மருந்துக்குச் சோதித்தார்கள் என்பதை அவையே காட்டும்.

தகுதியுள்ளதென்று உறுதியானால், அனுமதி பெற்ற சுடுதளத்தில் மட்டுமே சுட வேண்டும். கரிமருந்து எரிந்து விடும் உப்புக்கழிவு ஈரத்தை இழுத்துக் குழலை அரிப்பதால், அன்று மாலையே வெந்நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெயிட வேண்டும். வால்பாறை, பொள்ளாச்சிப் பக்கத்து மழைக்காலத்தில் தோலுறைக்குள் வைத்தால் தோல் ஈரத்தைத் தேக்கிவிடும். காற்றாடும் பூட்டிய இரும்பலமாரியே ஏற்றது.