அகழெலி எலி அல்ல

தவறு பெயரிலேயே ஆரம்பிக்கிறது. ஆங்கிலத்தில் 'மோல்' எனப்படும் விலங்கை அகழெலி என்று எழுதியதும், மனதில் பெருச்சாளி வந்து உட்கார்ந்துகொள்கிறது. எலிக்கு உள்ளதுபோல் வளர்ந்துகொண்டே இருக்கும் உளிப்பல் இதற்குக் கிடையாது. ஊசி ஊசியான பற்கள்தான். இதன் உண்மையான உறவுக்காரர், சில்லறை குலுங்குவதுபோல் கீச்சிட்டபடி சுவரோரமாக ஓடும் நம் வீட்டு மூஞ்சூறு. இந்தியாவில் அகழெலியைப் பார்க்க வேண்டுமென்றால் இமயமலை, வடகிழக்குப் பக்கம் போக வேண்டும். நம் ஊர் வரப்பில் வளை தோண்டியது வேறு ஆள்.

படம் போடுகிறவர்களும் ஏமாறுகிறார்கள். ரோமமே இல்லாமல், தோல் சுருங்கி, பல் துருத்திய ஒரு பிராணியை அகழெலி என்று போடுகிறார்கள். அது கிழக்கு ஆப்பிரிக்காவில் கூட்டமாக வாழும் கொறிவிலங்கு. அகழெலிக்குக் கருப்பு வெல்வெட் போன்ற ரோமம். எந்தப் பக்கம் தடவினாலும் படியும் என்பதால் குறுகிய சுரங்கத்தில் பின்னாலும் சுலபமாக நகரும்.

எலி என்று நினைத்துவிட்டால், வேரைத் தின்கிறது என்ற பழியும் கூடவே வந்துவிடும். சுரங்கம் போகிற வழியில் வேரடி மண் விலகிச் செடி வாடலாம், அது வேறு விஷயம். சுமார் 100 கிராம் எடையுள்ள ஐரோப்பிய அகழெலி, தினமும் தன் எடையில் ஏறக்குறைய பாதி அளவுக்கு இரை தின்னும். பெரும்பாலும் மண்புழு, அப்புறம் பூச்சிகளின் புழுக்கள். தானியத்தில் விஷம் கலந்து வைத்தால் அது சீண்டக்கூடப் போவதில்லை.

சுரங்கத்தை வெறும் வழி என்று நினைப்பதும் சரியல்ல. அது ஒரு பொறி. உள்ளே வந்து விழும் புழுக்களை ரோந்து சுற்றிப் பொறுக்கும். சுமார் நான்கு மணி நேரம் வேலை, அதே அளவு ஓய்வு, மறுபடி வேலை. இரை மிஞ்சினால் புழுவின் தலைப்பக்கம் ஒரு கடி. புழு சாகாது, நகரவும் முடியாது. அப்படியே சேமிப்பு அறையில் அடுக்கிவிடும். ஓர் அறையில் நூற்றுக்கணக்கான புழுக்கள் இருந்ததுண்டு. உயிரோடு இருப்பதால் கெட்டுப்போகாது. கொடூரம்தான், ஆனால் ஃப்ரிட்ஜ் தேவையில்லை.

புல்வெளியில் பத்து மண்மேடு தெரிந்தால் பத்து அகழெலி என்று கணக்குப் போடாதீர்கள். இனப்பெருக்கக் காலம் தவிர அது தனிக்கட்டை. பத்தும் ஒரே ஆளின் வேலையாக இருக்கலாம். மேடு பெரும்பாலும் வீடும் அல்ல, தோண்டிய மண்ணை வெளியே தள்ளிய குவியல்.

குருடு என்பதும் மிகை. ரோமத்துக்குள் மறைந்திருக்கும் சின்னஞ்சிறு கண்ணுக்கு வெளிச்சமும் இருட்டும் தெரியும். மற்றதை மூக்கின் தொடு உணர்வு பார்த்துக்கொள்ளும்.

ஜெர்மனியில் இதைப் பிடிக்கவோ கொல்லவோ சட்டம் தடை செய்கிறது. தோட்டக்காரர்கள் சிலர் மேட்டு மண்ணை அள்ளிப் பூந்தொட்டியில் போட்டுக்கொள்கிறார்கள். பொலபொலவென்று, சலித்தெடுத்தது போலிருக்கும்.