சி நிரலில் தசம எண்: ரேண்டும் சென்ட்டும் பிசகாமல் கணக்கிட

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு சிறு கடைக்கு பில் போடும் நிரல் என்று வைத்துக்கொள்வோம். பொருளின் விலை, வாட் (மதிப்புக்கூட்டு வரி) சேர்க்காமல், 19,99 ரேண்ட், அதாவது 19 ரேண்ட் 99 சென்ட். வாட் 15 விழுக்காடு. (சி-யின் பெயர்களை இங்கே ஒலிப்பில் தருகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

முதலில் மாறியின் வகை. தசம எண்ணை வைக்க சி-யில் ஃப்ளோட், டபிள் என்ற வகைகள் உண்டு. நம் கணினிகளில் ஃப்ளோட் 4 பைட், சுமார் 7 இலக்கம் வரை நம்பலாம். டபிள் 8 பைட், 15 இலக்கம். ஃப்ளோட்டை மறந்துவிடுங்கள், நினைவகம் மிகக் குறைந்த கருவிக்கு எழுதினால் மட்டும் அதைத் தொடலாம். சென்ட்டுகளை ஃப்ளோட்டில் கூட்டிக்கொண்டே போனால் 16777216-இல் நின்றுவிடும். அதன்மேல் 1 கூட்டினாலும் எண் நகராது.

அடுத்து உள்ளீடு. பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான். அச்சிடும் பிரிண்ட்எஃப்-இல் ஃப்ளோட், டபிள் இரண்டுக்கும் %எஃப் என்ற குறியீடு போதும், ஏனென்றால் ஃப்ளோட்டை அனுப்பினாலும் அது டபிளாக மாறித்தான் போய்ச் சேர்கிறது. உள்ளீட்டை வாங்கும் ஸ்கேன்எஃப்-க்குப் போவதோ மாறியின் முகவரி. அங்கே மாற்றம் எதுவும் நடக்காது. டபிளுக்கு %எஃப் கொடுத்தால் பொதுவாக 8 பைட்டில் 4-ஐ மட்டும் எழுதிவிட்டுப் போய்விடும். விலை குப்பையாகத் தெரியும். %எல்எஃப் என்று எழுதுங்கள். ஜிசிசி கம்பைலரில், எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் -டபிள்யூஆல் கொடி இல்லாமல் கம்பைல் செய்யவே வேண்டாம். இந்தப் பிழையை அது உடனே காட்டிக்கொடுக்கும்.

நம் ஊர்ச் சிக்கல் ஒன்று உண்டு. இங்கே தசமத்துக்குக் காற்புள்ளி எழுதுவது வழக்கம். 19,99 என்று தட்டினால் ஸ்கேன்எஃப் 19-ஐ எடுத்துக்கொண்டு காற்புள்ளியில் நின்றுவிடும். மிச்சம் அப்படியே கிடக்கும். லூப்புக்குள் இருந்தால் அடுத்த சுற்றில் அது 0-ஐத் திருப்பித் தரும், அதற்கடுத்த சுற்றிலும் 0, நிரல் முடியவே முடியாது. ஆகவே வரியை எஃப்கெட்ஸ் கொண்டு முழுதாக வாங்கி, காற்புள்ளியைப் புள்ளியாக்கி, எழுத்துச் சரத்தை டபிளாக மாற்றும் ஸ்ட்ர்டிஓடி-யிடம் கொடுங்கள்.

இனி பணத்தை முழு எண்ணாக்க வேண்டும். 19.99-ஐ 100-ஆல் பெருக்கி இன்ட்டில் போட்டால் 1998 வரும்! இரும எண்ணில் 19.99 சரியாக அடங்காது, பெருக்கினால் 1998.9999999999998. இன்ட்டுக்கு மாற்றும்போது தசமப் பகுதி வெட்டப்படுகிறது. அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றும் எல்ரவுண்ட் செயற்கூறு 1999 தரும். லினக்ஸில் கம்பைல் வரியின் கடைசியில், கணிதத் தொகுப்பை இணைக்கும் -எல்எம் சேர்க்க மறக்காதீர்கள்.

வாட்: 1999 × 15 + 50, அதை 100-ஆல் வகுத்தால் 300 சென்ட். அந்த 50 அரை சென்ட்டை மேலே தள்ளுவதற்கு. மொத்தம் 2299.

அச்சிட 100-ஆல் வகுத்த ஈவும் மீதியும் போதும். மீதிக்கு %02டி (இரண்டு இலக்கம், குறைந்தால் முன்னால் 0), இல்லாவிட்டால் 23,05 என்பது 23,5 ஆகிவிடும்.

பின்சேர்க்கை: ஃப்ளோட் மாறியில் 0.1 வைத்து, == போட்டு 0.1-உடன் ஒப்பிட்டால் ஏன் பொய் வருகிறது என்று கேட்டிருந்தார்கள். பின்னொட்டு இல்லாத 0.1 டபிள், மாறியில் இருப்பதோ 0.100000001-க்கு அருகில். 0.1எஃப் என்று எழுதினால் பொருந்தும். கணக்கிட்டு வந்த விடைக்கு அதுவும் உதவாது. வித்தியாசத்தை, கழித்தல் குறியை நீக்கித் தரும் ஃபேப்ஸ் கொண்டு எடுத்து, எண்ணின் அளவுக்கேற்ற சிறு எல்லையோடு ஒப்பிடுங்கள்.