காலைக் கணக்கு நேரம்: பயிற்சி ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சி படிக்கும் இரண்டு பேர் இந்த வாரம் எங்கள் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள். காலை வழிபாடு முடிந்து பிள்ளைகள் உள்ளே வந்ததும், கணக்கு வகுப்பின் முதல் பத்து நிமிடத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டு நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். வருகைக் கணக்கு, தேதி, இன்றைய எண், கொஞ்சம் மனக்கணக்கு. பதினாறு வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறுகளை அப்படியே பார்க்கிறேன். கரும்பலகையை மறைத்துக்கொண்டு நிற்பது, சாக்பீஸை மறந்துவிட்டு வருவது எல்லாம் இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பதிவு, வருகை இரண்டையும் நீங்களே எழுதிவிடுவது

கரும்பலகை மூலையில் ‘பதிவு 28, வருகை 24’ என்று எழுத உங்களுக்கு ஐந்து நொடி போதும். ஆனால் அன்றைய நாளில் யாரும் இட்டுக்கட்டாத, உண்மையான கணக்கு அது ஒன்றுதான். எத்தனை பேர் வரவில்லை என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். அப்புறம் சத்துணவுக்கு எண்ணிக்கை சொல்ல வேண்டும் இல்லையா? வந்திருக்கும் 24 பேரில் மூன்று பேர் முட்டை சாப்பிட மாட்டார்கள், அவர்களுக்கு வாழைப்பழம். அப்படியானால் முட்டை எத்தனை? எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை இதைச் சீட்டில் எழுதிக்கொண்டு சமையல் கூடத்துக்குப் போகும். தப்பாக எழுதினால் முட்டை குறையும். அதனால் அந்தச் சீட்டை மூன்று பேராவது சரிபார்க்காமல் வெளியே விடுவதில்லை. யாரும் சொல்லிக்கொடுத்த பழக்கம் இல்லை அது.

கோரஸாகப் பதில் வாங்குவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைக்குக் கேட்டாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

பள்ளி திறந்த நாளிலிருந்து தினம் ஒரு தென்னை ஈர்க்குச்சியைப் பெட்டியில் போடுகிறோம். பத்து சேர்ந்தால் ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டு. நேற்று 34வது நாள். பயிற்சிக்கு வந்த பெண் கேட்டார்: “34ல பத்து எத்தனை?” “மூணு!” “ஒண்ணு எத்தனை?” “நாலு!” வகுப்பே அதிர்ந்தது. “பாத்தீங்களா டீச்சர், எல்லாரும் சொல்றாங்க” என்று பூரித்துப் போனார்.

அந்தப் பூரிப்பு எனக்கும் இருந்தது. என் பயிற்சிக் காலத்தில் பார்வையிட வந்த விரிவுரையாளர் இந்த இடத்தைத்தான் பாராட்டினார். அந்தப் பாராட்டை முதல் வேலைக்கும் சுமந்துகொண்டு போனேன். ஜூனிலிருந்து தினமும் இதே ராகம்.

ஜனவரியில் இரண்டாம் வகுப்புக்குக் கடன் வாங்கிக் கழித்தல் ஆரம்பித்தேன். 52-இல் 27 போனால் எவ்வளவு? பாதிக்கு மேல் 35 என்று எழுதியிருந்தார்கள். ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்று தொண்டை வறளச் சொன்னேன். வாங்கினார்கள். வாங்கிய ஒன்றை இரண்டோடு கூட்டி மூன்று என்றார்கள். ஒரு பையனைக் கூப்பிட்டு, குச்சிப் பெட்டியைக் கொடுத்து, 34 குச்சி எடுத்து வை என்றேன். மூன்று உதிரிக் குச்சிகளை எண்ணி இடது பக்கம் வைத்தான். நான்கை எண்ணி வலது பக்கம் வைத்தான். முடிந்தது என்று என்னை நிமிர்ந்து பார்த்தான். பத்துப் பத்தாகக் கட்டிய கட்டுகள் பெட்டியில் அப்படியே கிடந்தன.

நான் கற்றுக்கொடுத்ததைத்தான் அவன் செய்தான். இடது பக்க இலக்கத்துக்குப் பெயர் ‘பத்து’, வலது பக்கத்துக்குப் பெயர் ‘ஒண்ணு’. ஏழு மாதமாக அந்த ராகத்தில் இருந்த செய்தி அவ்வளவுதான். பிப்ரவரி முழுக்கக் கட்டுகளைப் பிரிப்பதும் கட்டுவதுமாகப் போனது. அதற்குள் சரியாகாத சில பிள்ளைகள் அப்படியே மூன்றாம் வகுப்புக்குப் போனார்கள். அவர்களுக்கு நான் செய்தது அநியாயம்.

கோரஸ் ஏன் ஏமாற்றுகிறது என்று தெரிய வேண்டுமானால் பக்கவாட்டில் உட்கார்ந்து உதடுகளைப் பாருங்கள். நான்கைந்து பேர் முதலில் சொல்வார்கள், மற்றவர்கள் அரை நொடி கழித்து அந்த ஒலியைப் பிடித்துக்கொள்வார்கள். தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தையும் கணக்கையும் உறுதிசெய்ய 2022-இல் தமிழக அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துக்குப் பிறகு, அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (நடுநிலை), மலர் (வகுப்புக்கேற்ற நிலை) என்ற மூன்று நிலைப் பிள்ளைகளும் ஒரே அறையில் இருப்பது சாதாரணம். மலர்ப் பிள்ளைகளின் குரலில் அரும்புப் பிள்ளை முழுசாக மறைந்துவிடும். நீங்கள் கவனிக்க வேண்டியதே அந்தப் பிள்ளையைத்தான். போதாததற்கு, முப்பத்து நான்கு என்ற சொல்லுக்குள்ளேயே விடை ஒலிக்கிறது. பொருள் தெரியாமலே ‘மூணு’ என்று சொல்லிவிட முடியும்.

வாய்ப்பாட்டைச் சேர்ந்து சொல்லட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. கேள்வி கேட்டால் மட்டும் சத்தம் கூடாது. சிலேட்டை எடுக்கச் சொல்லுங்கள், கேளுங்கள், மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள், பிறகு ‘காட்டு’. அந்த ஐந்து நொடி உங்களுக்குத்தான் கஷ்டம். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு நொடிக்கு மேல் காத்திருப்பதில்லை என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே பதிவு செய்திருக்கிறார். மூன்று நொடியாவது பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, வழக்கமாகப் பேசாதவர்களும் வாயைத் திறக்கிறார்கள் என்பது அவர் கண்டது.

அந்தப் பெண்ணிடம், “நாளைக்கு ஒரு தடவை சத்தமே இல்லாம கேட்டுப் பாரும்மா” என்றேன். இன்று காலை, “முப்பத்து ஐந்துன்னு எழுதுங்க” என்று சொல்லிவிட்டுப் பொறுமையாக நின்றார். சிலேட்டுகள் மேலே வந்தன. மூன்று சிலேட்டுகளில் 305. முப்பதை எழுதி, பக்கத்தில் ஐந்தை எழுதியிருந்தார்கள். நேற்று அந்த மூன்று பேரும்தான் ‘மூணு!’ என்று கத்தினார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குச்சிப் பெட்டியைக் காட்டினேன்.

முதல் பதிலுக்கே ‘சரி’ சொல்வது

சொன்ன நொடியில் மற்ற 23 பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

கட்டுப் போடும் வேலையை நீங்கள் செய்வது

பத்தாவது குச்சி சேரும் நாளில் ரப்பர் பேண்டு பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். அவ்வப்போது கட்டைப் பிரிக்கவும் விடுங்கள். பிரித்து, பத்தும் தரையில் சிதறி, அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்த பிள்ளைக்குக் கடன் வாங்கும்போது ஒன்று ஏன் பத்தாகிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

சுவரில் இருக்கும் விடையைக் கேட்பது

தினசரி காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ‘இன்று என்ன தேதி?’ என்று கேட்டால் அது வாசிப்புப் பயிற்சி. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேளுங்கள். இன்றைக்கும் சேர்த்து எண்ணுவதா வேண்டாமா என்று சண்டை வரும். வரட்டும்.

பத்து நிமிடத்தைத் தாண்டுவது

தாண்டாதீர்கள்.

நூறாவது நாளுக்குத் தயாராகாமல் இருப்பது

கல்வி உரிமைச் சட்டப்படி ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாளாவது இருக்க வேண்டும். ஆகவே பெட்டியில் குச்சி நூறைத் தொடும், தாண்டும். நூற்று ஐந்தாவது நாளில் 1005 என்று எழுதும் பிள்ளை கட்டாயம் இருக்கும். 305 எழுதிய அதே கைதான் அது. அன்றைக்குப் பத்துக் கட்டுகளையும் சேர்த்துக் கட்டிய ஒரே பெரிய கட்டு மேசைமேல் இருந்தால்தான் உங்களால் பேச முடியும். அதற்கு நூலோ பெரிய ரப்பர் பேண்டோ முன்கூட்டியே வாங்கி வையுங்கள். சின்ன ரப்பர் பேண்டு தாங்காது, பிள்ளைகள் கையிலேயே அறுந்துவிடும்.