பணம் கட்டும் முன் பதிவேற்றத்தோடு ஒரு சோதனை அழைப்பு

இணைய அழைப்புச் செயலிக்குச் சந்தா கட்டும் முன், கணினியில் ஒரு பெரிய கோப்பைப் பதிவேற்றவிட்டு, அதே வைஃபையில் 10 நிமிடம் பேசிப் பாருங்கள். வேறு எதுவும் ஓடாத இணைப்பில் எல்லாச் செயலியும் நன்றாகத்தான் கேட்கும். வித்தியாசம் நெரிசலில்தான் தெரியும்.

குரலுக்கு வேகம் அதிகம் வேண்டாம். குரலை டிஜிட்டல் தரவாக மாற்றும் முறைகளில் (கோடெக்) ஒன்றான ஜி.711-க்கே ஒரு திசைக்கு நொடிக்குச் சுமார் 87 கிலோபிட்தான். ஆனால் பதிவேற்றம் இணைப்பை நிரப்பும்போது குரல் பொட்டலங்கள் (குரலைச் சுமக்கும் சிறு தரவுத் துண்டுகள்) ரவுட்டரில் வரிசையில் காத்துக் கிடக்கின்றன. ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடியைத் தாண்டினால் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பேசத் தொடங்குவார்கள். ஓபஸ் என்ற இன்னொரு கோடெக் உள்ள செயலி பிட் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, தொலைந்த பொட்டலங்களை ஓரளவு ஈடுகட்டும். அலுவலகத்துக்கு வாங்குகிறீர்களானால், ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசுவார்களோ அத்தனை அழைப்புகளையும் போட்டே சோதியுங்கள். இதை மட்டும் தவிர்க்காதீர்கள்.

எல்லாச் செயலியும் ஒரே மாதிரி திணறினால் செயலியை மாற்றிப் பயனில்லை. ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுங்கள். மொபைல் டேட்டாவில் சிக்னல் நொடிக்கு நொடி மாறுவதால் இந்தச் சோதனை செல்லாது. சாதாரணத் தொலைபேசி எண்களுக்கே பெரும்பாலும் பேசுபவர்கள் ஓபஸை நம்பி வாங்க வேண்டாம், மறுமுனையில் வழக்கமாக ஜி.711தான்.